ஏகபோகத்தை எதை வைத்து அளப்பது? கண்டியின் ஓட்டோவும் கைபேசிப் பணமும்

கண்டிப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டியவருக்கு, பஸ்ஸை விட்டால், மூன்று வழிகள் உண்டு. வாசலில் தரித்து நிற்கும் ஓட்டோக்காரரிடம் விலை பேசலாம், பிக்மீ செயலியில் அழைக்கலாம், ஊபரில் அழைக்கலாம். கூலியைக் காசாகவும் கொடுக்கலாம், அட்டையிலும் கழிக்கலாம். இத்தனை வழிகள் இருக்கும் ஊரில் ஏகபோகம் என்று பேசுவதே மிகை என்கிறார்கள் ஒரு சாரார். அதே ஊரில் ஓட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்களோ, செயலி நிறுவனம் வைத்ததுதான் சட்டம் என்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் பயணியின் இருக்கையிலிருந்து பார்க்கிறார். இரண்டாமவர் சாரதியின் இருக்கையிலிருந்து பார்க்கிறார். சந்தையில் ஒரு நிறுவனத்துக்கு எத்தனை வீதப் பங்கு என்ற கணக்கால் இந்தப் பிணக்கைத் தீர்க்க முடியாது. ஒரு நிறுவனத்தை நம்பிப் பிழைப்பவர் அதை விட்டு விலகும்போது, அங்கே தான் சேர்த்ததில் எதைக் கையோடு எடுத்துப்போக முடிகிறது? புதிதாக ஒருவர் வந்தால் அதே பாதையில் ஏற அவருக்கு இடம் கிடைக்கிறதா? ஏகபோகத்தை அளக்க இந்த இரண்டு கேள்விகளே உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

செயலிகள் வருமுன் இருந்ததை மறந்துவிட்டுச் செயலிகளைக் குறை சொல்வது நேர்மையாகாது. புகையிரத நிலையம், குட்ஷெட் பஸ் நிலையம், தலதா மாளிகைச் சுற்றுப்புறம், ஆஸ்பத்திரி வாசல் என்று ஒவ்வொரு தரிப்பிடமும் அங்கே நிற்கும் வண்டிக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அந்தத் தரிப்பிடத்தைச் சேராத வண்டி அங்கே நின்று ஆள் ஏற்ற முடியாது. மீற்றர் போட்ட வண்டி கொழும்பில் பழகிப்போன அளவுக்குக் கண்டியில் பழகவில்லை. ஊரோ மேடும் மழையும் சேர்ந்தது. நோயாளியோடு வந்து நிற்பவரும், மூட்டை முடிச்சோடு அம்பிட்டிய ஏற்றத்தைப் பார்த்து நிற்பவரும், ஊர் விலை தெரியாத சுற்றுலாப் பயணியும் எந்தப் பலத்தில் பேரம் பேசுவார்கள்? நகரம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் ஒரு தரிப்பிடத்து வண்டிகளின் பங்கு மிகச் சிறியது. அந்த வாசலில், அந்த நேரத்தில், அந்த நோயாளிக்கு அவர்களை விட்டால் ஆளில்லை. பங்கு வீதத்தை வைத்து ஏகபோகத்தைத் தேடுபவர் கண்ணில் இது படவே படாது. செயலியின் முதல் நன்மை இந்தச் சிறு ஆட்சிகளை உடைத்ததுதான். ஏறுமுன்னே விலை தெரிந்தது. யார் ஓட்டுகிறார், எந்த வண்டி என்பது பதிவாயிற்று; மாலை வகுப்பு முடிந்து தனியே வீடு திரும்பும் மாணவிக்கு அது சின்ன விடயமல்ல. சாரதிக்கும் இலாபம் இருந்தது. கட்டுகஸ்தோட்டையின் ஏதோ ஒரு ஒழுங்கைக்குள் நிற்கும் ஹயரை அவர் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. திரும்பும்போது வெறுமையாக ஓடும் தூரமும் குறைந்தது.

பிக்மீ 2015இல் கொழும்பில் ஓடத் தொடங்கிய இலங்கை நிறுவனம். அதே ஆண்டின் கடைசியில் ஊபர் வந்தது. பல நாடுகளில் பணபலத்தால் போட்டியாளர்களை ஒதுக்கிய ஒரு நிறுவனத்தின் எதிரே நின்று தாக்குப்பிடித்து, 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பிடித்த உள்ளூர் முயற்சி பிக்மீ. அதைப் பாராட்டுவதில் தயங்க வேண்டியதில்லை. பயணியின் பக்கமிருந்து பார்த்தால் இன்று ஏகபோகம் இல்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டு செயலிகளையும் ஒரே கைபேசியில் வைத்துக்கொண்டு, விலையை ஒப்பிட்டு, ஒன்றை மூடி மற்றதைத் திறக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

சாரதியின் பக்கம் கணக்கு மாறுகிறது. பெரும்பாலும் லீசிங்கில் எடுத்த வண்டி. மாதம் பிறந்தால் தவணை நிற்கிறது. ஒரு செயலியில் ஆயிரக்கணக்கான ஹயர் ஓடிச் சேர்த்த நட்சத்திர மதிப்பீடும், நம்பகமானவர் என்ற பெயரும் அந்த நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கின்றன. அடுத்த செயலிக்கு மாறினால் அவர் முதல் நாள் வந்த புது ஆள். எந்த ஹயர் யாருக்குப் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் விதி அவருக்குத் தெரியாது. கொமிஷனாகவோ சந்தாவாகவோ நிறுவனம் எடுக்கும் பங்கை நிர்ணயிக்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை. கணக்கு முடக்கப்பட்டால் முறையிட வேண்டிய இடமும் அதே நிறுவனம்தான். விற்பவர் ஒருவராக இருந்தால் வாங்குபவர் தவிப்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். உழைப்பை வாங்குபவர் ஓரிருவராக இருந்தால் உழைப்பவர் தவிப்பதும் ஏகபோகத்தின் மறுபக்கம்தான். விலைச்சீட்டில் தெரியாததால் அது பேச்சில் விடுபட்டுப்போகிறது.

மலையகத்துக்கு இது புதிய பாடமல்ல. கண்டியைச் சுற்றிய மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்ந்த காலத்தில், ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவருக்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. அவர் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. கங்காணி வழியாகக் கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அந்தக் கடனுக்குள் ஏறிக்கொண்டே போயின. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அன்று தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கூலிக்கு ஆள் பிடிக்க அவை தங்களுக்குள் போட்டியும் போட்டன. பங்கு வீதக் கணக்கில் எந்தத் தோட்டமும் ஏகபோகம் அல்ல. ஆனாலும் தொழிலாளியால் அசைய முடியவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தபோது எந்தத் தோட்டத்தையும் இரண்டாகப் பிரிக்கவில்லை. அசைய விடாமல் கட்டிவைத்த கடதாசியை மட்டும் செல்லாததாக்கியது. தோட்டத் தொழிலாளியின் துயரம் அத்தோடு தீரவில்லை என்பது எல்லோரும் அறிந்தது. என்றாலும் சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்தச் சட்டம் சரியாகவே அடையாளம் கண்டது. துண்டோடு செயலியின் மதிப்பீட்டைச் சமப்படுத்துவது அநியாயம். செயலி நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய கடனும் இல்லை, தண்டனையும் இல்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். உழைப்பவரைப் பற்றிய பதிவு உழைப்பவரின் கையில் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்று கண்டி வீதிகளிலேயே ஓடுகிறது. பல சாரதிகள் இரண்டு செயலிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். இடையில் வீதியில் கைகாட்டுபவரையும் ஏற்றுகிறார்கள். இப்படி மாறி மாறி ஓட முடிகிற வரை எந்த நிறுவனமும் சாரதியை முழுதாகக் கட்டிவைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுதந்திரம் எதன் மேல் நிற்கிறது? இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்ற ஒரே சங்கதியின் மேல். 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தைக் கிராப் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. சிங்கப்பூரின் போட்டி ஆணைக்குழு விசாரித்தது. விற்பனைக்குப் பிறகு பயணி கொடுக்கும் கூலி 10 முதல் 15 வீதம் வரை ஏறியதைக் கண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இரு நிறுவனங்களுக்குமாகச் சுமார் 13 மில்லியன் சிங்கப்பூர் டொலர் அபராதம் விதித்தது. அபராதத்தைவிட முக்கியமானது அத்தோடு வந்த கட்டளை: சாரதிகள் வேறு செயலியில் ஓடக்கூடாது என்று கிராப் கட்டுப்படுத்தக்கூடாது. சிங்கப்பூரும் சிறிய தீவுதான்.

அப்படியொரு விற்பனை நாளை இலங்கையில் நடந்தால் கேள்வி கேட்பது யார்? இங்கேதான் நாட்டின் நிலை கவலைக்குரியதாகிறது. 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நியாய வர்த்தக ஆணைக்குழு ஒன்று இருந்தது. ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் விசாரிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதைக் கலைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை உருவாக்கியது. போட்டியைக் குலைக்கும் நடத்தையை விசாரிக்கும் பிரிவு புதிய சட்டத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் இணைவதை முன்கூட்டியே ஆராய்ந்து தடுக்கும் அதிகாரம் போய்விட்டது. அரிசிக்கும் சீனிக்கும் விலை ஒட்டியிருக்கிறதா என்று கடைகளைச் சோதிக்கும் சபையாகவே மக்கள் அதை அறிவார்கள். தொலைத்தொடர்பு, மின்சாரம் போன்ற துறைகளுக்குத் தனித்தனி ஒழுங்குபடுத்துநர்கள் உண்டு. செயலி வழி ஓடும் ஓட்டோ அவர்கள் எவரது எல்லைக்குள்ளும் வராது. ஆகவே பிக்மீ ஏகபோகமா, இல்லையா என்று தேநீர்க் கடையில் எவ்வளவு வாதிட்டாலும், அதை அதிகாரத்தோடு தீர்த்துச் சொல்லும் இடம் நாட்டில் இல்லை.

பணம் செலுத்தும் துறைக்கு வந்தால் காட்சி தலைகீழாகிறது. ஓட்டோவில் இரண்டு செயலிகள் போட்டியிடுகின்றன. வங்கிகளுக்கிடையே பணம் ஓடும் பாதையோ நடைமுறையில் ஒன்றே ஒன்று. 2002இல் லங்கா கிளியர் என்ற பெயரில் தொடங்கி இன்று லங்கா பே என்று அறியப்படும் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும். காசோலைத் தீர்வு, ஒரு வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் இயந்திரத்தில் போட்டுக் காசு எடுப்பது, 2015 முதல் வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் அனுப்புவது எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. பங்கு வீதம் பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான ஏகபோகம் கிடைக்காது. ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பாருங்கள். கண்டியில் ஒரு பலசரக்குக் கடை முதலாளி ஏதோ ஒரு வங்கியிடம் லங்கா கியூஆர் குறியீட்டை வாங்கி மேசையில் ஒட்டுகிறார். வேறு வங்கியில் கணக்கு வைத்திருப்பவரும் தன் வங்கியின் செயலியால் அதே குறியீட்டைப் படித்துப் பணம் கட்டுகிறார். முதலாளிக்கு அந்த வங்கி பிடிக்காவிட்டால் வேறு வங்கிக்குப் போகலாம். வாடிக்கையாளர் எவரையும் இழக்கமாட்டார். அவரிடம் பிடிக்கும் கட்டணம் 1 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய வங்கி எல்லை வைத்தது. பாதை ஒன்று, அதில் ஓடுபவர் பலர், விலகுபவருக்கு நட்டமில்லை. இப்படிப்பட்ட ஏகபோகத்தோடு ஒரு சமூகம் வாழலாம்.

குறையில்லாத ஏற்பாடு என்று இதைச் சொல்ல வரவில்லை. பாதையின் உடைமையாளர்களே அதில் ஓடும் வங்கிகளாகவும் இருக்கிறார்கள். கடன் அட்டையில் கூடுதல் கட்டணம் கிடைக்கும்போது, 1 வீத எல்லையுள்ள கியூஆரைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வங்கிக்கு என்ன அவசரம்? வங்கியல்லாத ஒரு புதிய நிறுவனம் இந்தப் பாதையில் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கியின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. கதவைத் திறக்க வேண்டியவர் அவருடைய போட்டியாளர். அட்டைப் பக்கம் இன்னும் இறுக்கம். விசாவும் மாஸ்டர்கார்டும் இல்லாத ஒரு கொடுப்பனவு இயந்திரத்தைக் கண்டி நகரில் கற்பனை செய்ய முடியாது. அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளரின் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி எச்சரித்தும், அட்டை என்றால் இரண்டு மூன்று வீதம் கூட வரும் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் செய்வது விதிமீறல்தான். ஆனால் அந்தக் கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைக்கும் பலம் அவருக்கு இல்லை என்பதன் அடையாளமும் அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகளுக்கிடையிலான அட்டைக் கட்டணத்துக்கு, பற்று அட்டையில் 0.2 வீதம், கடன் அட்டையில் 0.3 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. அமெரிக்காவில் நடக்கும் பற்று அட்டைக் கொடுக்கல் வாங்கலில் 60 வீதத்துக்கு மேல் விசாவின் வலையமைப்பில் ஓடுகிறது என்று சொல்லி, அந்நாட்டு நீதித் திணைக்களம் 2024 செப்டெம்பரில் விசாமீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. பெரிய நாடுகளே இந்தப் பலத்தோடு மல்லுக்கு நிற்கின்றன.

இருப்பதால் மட்டுமல்ல, வராமலிருப்பதாலும் ஒரு நிறுவனத்தின் பலம் தெரியும். இலங்கையில் பேபால் கணக்கால் பணம் அனுப்பலாம், பெற முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்கு வடிவமைப்போ நிரலெழுத்தோ செய்து கொடுக்கும் இளைஞர், பேபால் வழியாகத்தான் காசு தருவேன் என்னும் வாடிக்கையாளரை இழக்கிறார், அல்லது வேறு வழிக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கிறார். அரசுகள் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தும் முடிவெடுக்கும் இடம் நாட்டுக்கு வெளியே இருக்கிறது. உள்ளூரில் அந்த நிறுவனத்துக்குச் சொல்லும்படியான சந்தைப் பங்கு இல்லை. ஆனாலும் உள்ளூர் இளைஞரின் வருமானத்தை அது தீர்மானிக்கிறது.

பொதுப்பாதை ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிட முடியாது. இந்தியாவின் யூபிஐ 2016இல் வந்தது. எந்த வங்கியும் எந்தச் செயலியும் ஏறக்கூடிய பாதை. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணி இலங்கையிலும் லங்கா கியூஆர் குறியீட்டைத் தன் ஊர்ச் செயலியால் படிக்கலாம். இலங்கைக்கு வரும் பயணிகளில் இந்தியரே அதிகம் என்பதால் கண்டிக் கடைகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் இந்தியாவுக்குள் அந்தத் திறந்த பாதையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் 80 வீதத்துக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகளின் கையில் இருக்கிறது. ஒரு செயலி 30 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் அறிவித்த வரம்பு தள்ளித் தள்ளிப்போய் 2026 இறுதிக்கு வந்து நிற்கிறது. மக்கள் விரும்பிப் பயன்படுத்தும் செயலியை இனிப் பயன்படுத்தாதே என்று யார் சொல்வது? அதனால்தான் பங்கு வீத வரம்பு நடைமுறையில் தோற்கிறது. மாறாக, கட்டை அவிழ்க்கும் விதிகள் பலன் தருகின்றன. கென்யாவில் கைபேசிப் பணச் சேவையான எம்பேசாவின் முகவர்கள் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு 2014இல் நீங்கியது. பெங்களூரில் 2022இல் தொடங்கிய நம்ம யாத்ரி என்ற ஓட்டோ செயலி, ஹயருக்குக் கொமிஷன் எடுக்காமல் நாளுக்குச் சிறு சந்தா வாங்கியது. 2025 பெப்ரவரியில் ஊபரும் இந்தியாவில் ஓட்டோக்களுக்குக் கொமிஷனை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. புதியவர் நுழைய வழி இருந்தால் பெரியவர் தானே இறங்கி வருவார்.

இதற்கு எழும் மறுப்புகளில் இரண்டைக் கனமானவையாக எண்ணுகிறேன். கண்டி போன்ற சிறு சந்தையில் பல செயலிகள் பிழைக்கமாட்டா. வண்டிகளும் பயணிகளும் ஓரிடத்தில் குவிந்தால்தான் ஓட்டோ ஐந்து நிமிடத்தில் வரும் என்பது ஒன்று. அது சரியே. அதனால்தான் நிறுவனத்தைப் பிரிக்கும்படி இக்கட்டுரை கேட்கவில்லை. குவிதல் இயல்பானது என்றால் குவிந்த இடத்துக்கு விதி வேண்டும் என்பதே அதன் பொருள். மற்றது, இரு பக்கச் சந்தையில் ஒரு பக்கத்தின் நட்டத்தை மட்டும் எடுத்துப் பேசக்கூடாது, மறுபக்கத்தின் இலாபத்தோடு சேர்த்தே நிறுக்க வேண்டும் என்பது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் ஏற்றுக்கொண்ட வாதம் இது. ஓட்டோவுக்குப் பொருத்தினால், பயணிக்குக் குறைந்த கூலி கிடைத்தால் சாரதியின் கொமிஷன் அதில் நேராகிவிடும் என்பது அதன் உட்பொருள். ஆனால் பயணியும் சாரதியும் வேறு வேறு மனிதர். ஒருவருக்கு மிஞ்சும் 50 ரூபாயால் மற்றவரின் லீசிங் தவணையைக் கட்ட முடியாது. அந்த நிறுவையில் யாருடைய பங்கை எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுப்பதே கேள்விக்குரிய நிறுவனம் என்பதையும் மறக்கக்கூடாது. ஒழுங்குவிதி வந்தால் முதலீடு ஓடிவிடும் என்ற பயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிங்கப்பூரிலிருந்து முதலீடு ஓடிவிடவில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நிறுவன இணைப்பை ஆராயும் அதிகாரத்தை, 1987இல் இருந்ததைவிடத் தெளிவாக, மீண்டும் சட்டத்தில் எழுத வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும், கணினி தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. அந்த உரிமைகளோடு, ஓடிய ஹயர்களின் பதிவையும் மதிப்பீட்டையும் சாரதி தன் பெயரில் எழுத்தில் பெற்று அடுத்த செயலிக்குக் கொண்டுபோகும் உரிமையும் சேர வேண்டும். லங்கா பே பாதையில் வங்கியல்லாதவர் ஏறுவதற்கான நிபந்தனைகளை, போட்டியாளரான வங்கிகளிடம் விடாமல், மத்திய வங்கியே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். செயலி நிறுவனத்திடம் கேட்கும் அதே கேள்விகளைத் தரிப்பிடங்களிடமும் கேட்காவிட்டால் இந்த வாதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். கண்டிப் புகையிரத நிலையத்தின் வாசலும் ஆஸ்பத்திரியின் வாசலும் பொதுமக்களின் நிலம். செயலியில் அழைத்த வண்டியும் தரிப்பிட வண்டியும் ஒரே வரிசை ஒழுங்கில் வந்து ஆள் ஏற்றிப் போகும் இடத்தை அங்கே கோடு போட்டு ஒதுக்குவதற்கு மாநகர சபைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. புகையிரதத் திணைக்களத்தோடும் வைத்தியசாலை நிர்வாகத்தோடும் உட்கார்ந்து பேசினால் போதும்.